ஒரு டன், இரண்டு சக்கரம்

ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து
கப்பலூரில் வாங்கினேன்.
என்ஜின் கிடையாது, ஸ்டியரிங் கிடையாது,
யாராவது இழுத்தால் வரும்.
பட்டாளத்தில் எதைச் சுமந்ததென்று கேட்டதற்கு
காஜா மொய்தீன் தகரத்தைத் தட்டிக் காட்டினார்:
"தண்ணியா இருக்கும், இல்ல உருளைக்கிழங்கு.
குண்டுன்னு சொன்னா
ரெண்டாயிரம் கூடத் தருவீகளா?"

சோணைமுத்து பட்டறையில் பெயின்ட்டைச் சுரண்டினோம்.
பச்சைக்குக் கீழே மண் நிறம்,
மண் நிறத்துக்குக் கீழே இன்னொரு பச்சை,
அப்புறம் சிவப்பு பிரைமர்,
அதற்கும் கீழே, இடது பக்கம்,
உள்வாங்கிய ஒரு பள்ளம்.
பாறையில் மோதியதோ, என்னவோ.
சோணைமுத்து கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.
"பட்டி பாத்துரலாம்."
வேண்டாம், இருக்கட்டும்.
"துரு ஏறும்."
துரு ஏறாமல் இருக்கட்டும்.

ஒரு மாதம் தெருவில் நின்றது.
பருத்திப்பால் வண்டியா சார் என்றார்கள்.
சில்லி சிக்கனா என்றார்கள்.
எதிர்வீட்டு ரெங்கநாயகி மட்டும்
தமயந்தியைத் தனியே கூப்பிட்டு, தணிந்த குரலில்:
"பொணம் ஏத்துறதா?
நம்ம தெருவுல வேணாம்மா."

என் நோட்டில் குளிர்பெட்டி இருந்தது,
சோலார் தகடு, மடக்கு மேஜை,
இழுத்தால் வெளியே வரும் சமையலறை,
மதுரைப் புழுக்கத்துக்கு ஒரு சின்ன ஃபேன்.
கருவூலத்தில் பில்களை வெட்டியே பழகியவள்
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.
மிஞ்சியது
ஒரு பலகை, ஒரு அடுப்பு,
இருபது லிட்டர் கேன், கொசுவலை.
ஃபேனையும் அடித்திருந்தாள்,
பிறகு யோசித்து
ஓரத்தில் ஒரு டிக்.

படுக்கைக்கு அளவெடுக்க
மொட்டைமாடியில் படுத்தாள்.
சாக்பீஸால் சுற்றி வரைந்தேன்.
பக்கத்தில் நான் படுத்தேன், அவள் வரைந்தாள்.
எழுந்து பார்த்தால்
பைபாஸில் விபத்து நடந்த இடத்தில்
போலீஸ் போட்டுவைத்த மாதிரி இரண்டு உருவம்.
அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.
டேப்பை நீட்டினேன்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்,
இரண்டு பேருக்கும் சேர்த்து
நாலே கால் அடி.

மேலே மூட துளசிராம் தார்ப்பாய் தைத்தார்.
"மழைக்கு நான் கேரன்டி.
வெயிலுக்கு மீனாட்சிதான்."

உசிலம்பட்டி தாண்டி, தார் முடிந்து,
செம்மண்ணும் முடிந்து,
ஓடையில் இறங்கி ஏறியபோது ஜீப் முக்கியது.
பின்னால் அது
எத்தனையோ ஓடை பார்த்ததுபோல வந்தது.
கடலை பிடுங்கிய காட்டில் நிறுத்தினோம்.
பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்தவர்
டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்.
சக்கரம், தார்ப்பாய், தமயந்தி, நான்.
எல்லாவற்றின் மேலும் வெளிச்சம் ஒருமுறை போய்வந்தது.
"வீட்டுல தகராறா?"
"இல்லண்ணே, சும்மா."
"சும்மாவா?"
ராத்திரிக்கு ஒரு காட்டில் படுக்கிறவர்
அந்தச் சொல்லைக்
கொஞ்ச நேரம் மென்றுகொண்டு நின்றார்.
"மெத்தை இருக்கா?"
"இருக்குண்ணே."
"அப்பச் சரி."

ஒரு மணிக்கு மழை பிடித்தது.
துளசிராமின் வாக்கு
ஒரு தையலில் மட்டும் தவறியது, என் கால்மாட்டில்.
வெளியே காலடிச் சத்தம்.
எங்களிடம் ஒன்றும் கேட்காமல்
கிடைக்காரர் குனிந்து
எதையோ ஒவ்வொன்றாக அடியில் தள்ளிவிட்டுப் போனார்.
அச்சுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி.
ஆறு குறுக்கிடும், பாறை குறுக்கிடும் என்று
எங்கோ யாரோ கணக்குப் போட்டு விட்ட இடம்.
இப்போது அங்கே
ஈர மயிர் வாசனை, ஒரு செருமல்,
பலகையில் முட்டும் ஒரு சின்னத் தலை.

"ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?"
போட்டேன். இந்த வண்டிக்கு அது தனியாக உண்டு,
இழுக்கிறவனை நம்பாமல் வைத்தது.

"இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க" என்றாள்.
"கீழ குட்டிக இருக்கு."